கால் கழுவ வைத்த தண்ணீர்

நாகசாகியை ஒட்டிய எங்கள் உரகாமிக் கிறிஸ்தவக் கோயிலில் வேதத்துக்காக உயிர்விட்டவர்களின் பெயரை வருஷா வருஷம் வாசிக்கிறார்கள். அதில் இசோவின் பெயர் வராது. வரவேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்னப் பெண் என்னிடம் வந்து, "இசோ வேதத்தை மறுதலிச்சவங்களாமே?" என்று கேட்டாள் பாருங்கள், எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. மறுதலித்தவள்தான். அவளை அந்த ஒரு வார்த்தையில் அடைத்துவிட முடியுமா? நான் அவளுடைய நாத்தனார். முழுக்கதையும் எனக்குத்தான் தெரியும்.

இசோவுக்கு வாய் என்றால் வாய். தோளில் தண்டு, தண்டின் இரண்டு பக்கமும் முள்ளங்கிக் கூடை, வாய் நிறையப் பேச்சு. இப்படித்தான் நாகசாகித் தெருக்களில் அவளை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். அவள் அப்பா, முன்பு கிறிஸ்தவர்களைப் பிடித்து அடைத்த கெடுபிடிக் காலத்தில் சிறையிலேயே செத்தவர். கடைசிவரை அசையாதவர். அந்தப் பெருமை அவளுக்கு எப்போதும் உண்டு. என் தம்பி யோசபுரோ நேர் எதிர். பத்து வார்த்தை கேட்டால் ஒன்று பதில் வரும். இருவருக்கும் முடிச்சுப் போட்டவள் நான்தான்.

அந்தக் காலத்தில் கிறிஸ்தவ வேதத்துக்குத் தடை. எங்கள் ஊர் முழுக்கக் கிறிஸ்தவர்கள், ஆனால் கணக்கில் எல்லாரும் புத்தர் கோயில் ஆட்கள். புத்தாண்டு பிறந்தால் மணியக்காரர் வீட்டு முற்றத்தில் ஆண்டவர் உருவம் பதித்த தகட்டைத் தரையில் வைப்பார்கள். கிறிஸ்தவர் இல்லை என்று காட்ட வெறுங்காலோடு ஒவ்வொருவராக மிதிக்க வேண்டும். மிதித்தோம். என் அம்மா மிதித்தாள், நான் மிதித்தேன், இசோவும் மிதித்தாள். வீட்டுக்கு முதலில் திரும்பியவர் மரத்தொட்டியில் வெந்நீர் ஊற்றி வாசலில் வைப்பார். அடுத்து வருகிறவர் அதில் காலைக் கழுவிவிட்டு உள்ளே போய் முழங்காலிட்டு, செய்த பாவத்துக்கு வருந்தும் மனஸ்தாப செபம் சொல்வார். தண்ணீர் வைத்தவர் ஒரு கேள்வி கேட்கக்கூடாது. வந்தவர் ஒரு சாக்கும் சொல்லக்கூடாது. அப்படித்தான் தலைமுறை தலைமுறையாக ஓட்டினோம்.

அப்புறம் அந்தத் தகடு மிதிக்கும் வழக்கம் நின்றது. துறைமுகத்துக்கு மேலே வெள்ளைக்காரர்களுக்காக ஒரு கிறிஸ்தவக் கோயில் எழும்பியது. எங்களுக்கும் துணிச்சல் வந்தது. பக்கத்து வீட்டில் ஒரு சாவு. வழக்கப்படி பிக்கு மந்திரம் ஓத வந்தார். அவர் ஓதும்போது பக்கத்து அறையில் நாங்கள் உட்கார்ந்து அந்த மந்திரம் பலிக்காமல் போக எங்கள் செபத்தை முணுமுணுப்பது வழக்கம். அன்றைக்கு இசோ வாசலிலேயே அவரை மறித்தாள்.

"சாமி, இந்தத் தடவ வேணாம். நீங்க ஓத, நாங்க அத அழிக்க, எதுக்கு ரெண்டு பேருக்கும் வீண் சிரமம்?"

அந்த மனிதர் கோபப்படவில்லை. "முணுமுணுப்பு எனக்கும் இத்தனை வருஷமா கேட்டுட்டுதான்மா இருந்துச்சு. ஆனா கொஞ்சம் மெதுவாப் பேசு. கேக்கக்கூடாத காதும் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

கேட்கக்கூடாத காதுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு மழைநாளில் சிப்பாய்கள் வந்து ஆண்களைக் கட்டி இழுத்துப் போனார்கள். யோசபுரோவும் போனான். கைகளையும் கால்களையும் முதுகுப் பக்கம் ஒன்றாகக் கட்டி, உத்தரத்தில் தொங்கவிட்டு, கயிற்றில் தண்ணீர் ஊற்றினார்கள். ஈரம் பட்ட கயிறு இறுகும். அதற்கு மேல் நான் சொல்லப்போவதில்லை. கட்டைவிரலில் மை தடவி, "இனிமேல் இந்த மதம் வேண்டாம்" என்ற தாளில் வைத்துவிட்டு யோசபுரோ வீட்டுக்கு வந்தான்.

இசோ கதவைச் சாத்தினாள்.

"இது கிறிஸ்தவங்க வீடு. நீ யாருய்யா?" என்று உள்ளே இருந்து கேட்டாளாம்.

அவள் மட்டும் இல்லை, எத்தனையோ வீட்டில் அதே கூத்துதான். விரல் வைத்துவிட்டு வந்த ஆண்கள் கொட்டுகிற மழையில் மலைமேல் திரிந்தார்கள். யோசபுரோ மட்டும் எங்கும் போகவில்லை. வீட்டுக்கு எதிரே இருந்த பனிச்சைப் பழ மரத்தடியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையும் தூக்க முடியாமல் மடியில் கிடந்தன. விஷயம் தெரிந்து நான் ஓடினேன். அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. இன்னும் ஒரு நாள் அங்கேயே விட்டால் செத்திருப்பான்.

நான் கதவை உதைத்தேன். ஆமாம், உதைத்தேன்.

"ஏண்டி, உனக்கு நெஞ்சுல ஈரம் இல்லையா? வெளிய ஒருத்தன் செத்துட்டிருக்கான்!"

"அண்ணி, இதுல நீங்க தலையிடாதீங்க. எங்க அப்பா ஜெயில்லயே செத்தாரு. அவரு கை வெச்சாரா?"

"வெக்கல. பெரிய மனுஷன். அவரு கால் வெச்சாரா இல்லையா, அதச் சொல்லு."

கதவிடுக்கில் வாயை வைத்துக் கேட்டேன்.

"புத்தாண்டுக்குப் புத்தாண்டு மணியக்காரர் வீட்டு முற்றத்துல உங்க அப்பா மிதிச்சாரா இல்லையா? நீ மிதிச்சியா இல்லையா? மிதிச்சுட்டு நீ வீட்டுக்கு வந்தப்ப யாரு உன்ன வெளிய நிக்க வெச்சா? யாருடி உனக்குத் தண்ணி வெச்சா?"

"அப்பாதான்" என்றாள்.

அடுப்பை ஊதும் சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது. இசோ மரத்தொட்டியை வாசலில் வைத்தாள், ஆவி பறந்தது. யோசபுரோவைக் கைத்தாங்கலாக நான் கூட்டி வந்தேன். அவன் பழக்கத்தில் காலை நீட்டினான். அவள் காலை விட்டுவிட்டு அவன் வலது கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் வைத்து, நகக்கண்ணில் ஒட்டியிருந்த மையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அவன் தேம்பினான்.

"அழுவாத. தண்ணி உப்பாயிடும்" என்றாள். அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள்.

இரண்டாம் நாள் யோசபுரோ எழுந்து, வைத்த கையைத் திரும்ப எடுக்கிறேன் என்று மணியக்காரரிடம் போனான். திரிந்துகொண்டிருந்த மற்ற ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். இசோ முன்னால் நடந்தாள், தேர் இழுக்கப் போகிறவள் மாதிரி. மணியக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"திரும்ப எடுக்கறதா? இதென்ன அழுகின முள்ளங்கியா, மாத்திக் குடுக்க? வீட்டுக்குப் போய் வாய மூடிட்டுக் கும்பிடுங்கப்பா, யாரு கேக்கப்போறா!"

"அதைத்தானே ஐயா எங்க முப்பாட்டன் காலத்துலேருந்து பண்ணிட்டு இருக்கோம். வாய் வலிக்குது" என்றாள் இசோ. சிப்பாய்களே சிரித்துவிட்டார்கள்.

சிரிப்பு நிலைக்கவில்லை. அரசாங்கம் மாறியது, புது அரசாங்கம் எங்களை ஊரோடு பெயர்த்துக் கண்காணாத சீமைகளுக்கு அனுப்பியது. யோசபுரோ ஒரு பக்கம். நான், இசோ, அவள் மகள் மோன் மூவரும் வடக்கே பனி கொட்டுகிற ஒரு மலை ஊரில். பாழடைந்த கோயில் மண்டபத்தில் எங்களை அடைத்தார்கள். ஆளுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி, அதில் பருக்கையைத் தேட வேண்டும். மறுதலித்தவர்களுக்குக் கீழே தெருவில் வீடு, சோறு, மருந்து. எங்கள் மண்டபத்தில் யாராவது தளர்ந்தால் அதட்டித் தூக்கி நிறுத்தியது இசோதான். காவலாளியிடமே, "உன் கஞ்சில முகம் பாத்து நான் தலை சீவிக்கிறேன்பா" என்பாள்.

இரண்டாவது குளிர்காலத்தில் மோனுக்குக் காய்ச்சல் கண்டது. பிள்ளை எலும்பும் தோலுமாகிவிட்டது. தண்ணீர்கூட இறங்கவில்லை. ஒரு காலையில் இசோ அவளை முதுகில் கட்டிக்கொண்டு எழுந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. படி இறங்கிப் போய் விரலை வைத்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. மோன் பிழைத்தாள்.

பிறகு எங்களை விடுதலை செய்யச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. மூட்டை கட்டிக்கொண்டு இறங்கினோம். இசோ வழியில் நின்றிருந்தாள். மோனின் கையை என் கையில் கொடுத்தாள்.

"கூட்டிட்டுப் போங்க அண்ணி. நான் வரல."

"பைத்தியமா உனக்கு? புருஷன் அங்க காத்திருப்பான்."

"அன்னிக்கு அந்தக் கதவச் சாத்துனவ நான். இன்னிக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அதே கதவத் தட்டுவேன்? இங்க ஒரு தோஃபு கடையில சோயா அரைக்கிற வேலை இருக்கு. எனக்கு அது போதும்."

எவ்வளவோ கெஞ்சினேன், திட்டினேன். அசையவில்லை. அப்பா பிள்ளை!

ஊரில் யோசபுரோ எங்களுக்கு முன்பே வந்திருந்தான். கூரை பாதி விழுந்திருந்தது, பானை சட்டி ஒன்றில்லை, எல்லாம் களவு போயிருந்தது. அவன் கைகள் தோளுக்கு மேல் எழவே இல்லை. நான் இசோ விஷயத்தை ஒளிக்காமல் சொன்னேன். அவன் கொல்லைப்பக்கம் போனான். திருடன்கூட வேண்டாம் என்று விட்டுப்போன அந்த மரத்தொட்டியை எடுத்து வந்தான். விரிசலை அடைத்தான். மறுநாளிலிருந்து தினம் காலையில் தண்ணீர் சுடவைத்து, தொட்டியில் ஊற்றி, வாசலில் வைத்தான். கதவைத் திறந்தே போட்டான்.

ஊர் கேலி செய்தது. "என்ன யோசபுரோ, வாத்து வளக்கறியா?"

"பொண்டாட்டிக்கு" என்பான், அவ்வளவே.

மேல்வீட்டுக்காரியின் புருஷன் நாடுகடத்தலில் பட்டினியால் செத்தவன். ஒருநாள் அவள் வந்து தொட்டிக்கு முன்னால் நின்றாள். "என் வீட்டுக்காரர் செத்தாரு. உன் பொண்டாட்டி சோறு தின்னா. ரெண்டும் ஒண்ணா?"

என் நாக்கு துறுதுறுத்தது. அதற்குள் அவனே பேசினான். என் தம்பி ஒரே மூச்சில் அத்தனை பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஒண்ணு இல்லம்மா. உங்க வீட்டுக்காரர் கால்தூசிக்கு நாங்க ஆகமாட்டோம். அவரு இப்ப இருக்கற இடத்துல யாரும் அவருக்குத் தண்ணி வெக்க வேண்டியதில்ல. எங்களுக்குத்தான் வேணும். எனக்கு வெச்சாங்க, அதனால நான் இருக்கேன். கதவச் சாத்தியே வெச்சிருந்தா அதிகாரி பாதியில விட்ட வேலைய நாங்களே முடிச்சுக் குடுத்திருப்போம்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அதற்காக அவளை நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். ஆனால் யோசபுரோ சொன்னதுதான் சரி. எந்தப் பாதிரியார் வந்து கேட்டாலும் இதையே சொல்வேன். எங்களை அடித்தவர்களை மன்னிக்க நாங்கள் சுலபமாகக் கற்றுக்கொண்டோம். கூட நின்று தடுமாறியவர்களை மன்னிக்கத்தான் உயிர் போயிற்று. அதையும் கற்றதனால்தான் இன்றைக்கு இந்த மலையில் கோயில் மணி அடிக்கிறது.

வடக்கே போகிற படகுக்காரனிடம் நான் ஒரே ஒரு சேதி சொல்லி அனுப்பினேன்: "வாசல்ல தண்ணி வெச்சிருக்கு."

முள்ளங்கி விதைக்கிற பருவத்தில், ஒரு பிற்பகல், அந்தப் பனிச்சை மரத்தடியில் ஒரு பெண் நிற்பதை நான்தான் முதலில் பார்த்தேன். மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். திறந்த கதவைப் பார்க்கிறாள், தொட்டியைப் பார்க்கிறாள், கால் நகரவில்லை. வாயாடி இசோவுக்கு வாய் எழவில்லை. வந்த வழியே திரும்பிவிடுவாளோ என்று பயந்து தம்பியைக் கூப்பிட்டேன்.

யோசபுரோ வெளியே வந்தான். பார்த்தான். குனிந்து, தூக்க முடியாத கைகளால் தொட்டியை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி மரத்தடிக்கு நடந்தான். நான் உதவப் போனேன், கண்ணாலேயே தடுத்தான். தண்ணீர் வழிநெடுகச் சிந்தியது, அவன் உடுப்பெல்லாம் நனைந்தது. தொட்டியை அவள் முன்னால் இறக்கி, மண்டியிட்டு, அவள் கட்டைவிரலைப் பிடித்துத் தண்ணீரில் வைத்தான்.

"சில்லுன்னு இருக்கு" என்றாள் இசோ. அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"காலையிலயே சுடவெச்சேன். நேரங்கழிச்சு வந்தது நீ."

அவள் உடைந்துபோய் ஓவென்று அழ ஆரம்பித்தாள். அந்தச் சத்தம் கேட்டு மோன் வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்தாள்.

"அழுவாதடி" என்றான் யோசபுரோ. "இருக்கறதே பாதித் தண்ணி. அதுவும் உப்பாயிடும்."