கொள்ளிடக் கரையில் கொடுக்காமல் விட்டது

பள்ளிக்கூடத்தில் எனக்கும் ஒரு சால்வை போட்டார்கள். நெடுந்தூர ஓட்டப்பந்தய அணிக்கு நடந்த பாராட்டு விழா அது. ப்ளஸ் டூ முடித்துப் போகிற நான்கு பெண்களையும் அவர்கள் ஓடித் தீர்த்த அந்த ஒரு வருடத்தையும் கொண்டாட ஏற்பாடு. நான்கு பேரில் ஒருத்தி என் மகள். பெற்றோர் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்த என்னைத் தலைமையாசிரியை மேடைக்கு அழைத்து, "லீவு போட்டுட்டு வந்து அணிக்கு உதவி செஞ்ச அப்பா" என்று மைக்கில் சொல்லி, ஜரிகைக் கரை போட்ட சால்வையைத் தோளில் போர்த்தினார். அவர் ஜனவரியில்தான் மாற்றலாகி வந்தவர், பாவம். நான் செய்த உதவி என்ன என்று அவருக்குத் தெரியாது. மேடையில் நின்றிருந்த நான்கு பெண்களுக்கும் பி.டி. மிஸ்ஸுக்கும் தெரியும். அவர்களும் கைதட்டினார்கள். எங்காவது ஓடி ஒளிந்துகொள்ளலாமா என்று இருந்தது எனக்கு.

நான் டவுன் பஸ் கண்டக்டர். திருச்சியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே காவிரிப் பாலத்தின் மேல் போவதும் வருவதுமாக இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. என் வண்டியில் டிக்கெட் வாங்காமல் இறங்கியவர் கிடையாது. பீற்றிக்கொள்வதாக நினைக்க வேண்டாம், பீற்றிக்கொள்ள வேறெதுவும் என்னிடம் இல்லை. பெண்களுக்கு இலவசம் என்று ஆன பிறகு பல பேர் டிக்கெட்டைக் கேட்பதே இல்லை. "ஓசிதானேண்ணே, எதுக்கு பேப்பர வேஸ்ட் பண்றீங்க" என்பார்கள். இலவசமாக இருந்தாலும் டிக்கெட் டிக்கெட்தான் என்று கையில் திணித்துவிட்டுத்தான் நகர்வேன். பூக்கூடையோடு ஏறுகிற அம்மாவுக்கு இரண்டு கையும் காலி இல்லாவிட்டால் கூடையில் செருகிவிடுவேன்.

என் மகளுக்கும் அதே சட்டம்தான். விடியற்காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பும் என் முதல் டிரிப்பில், டிராக் பேண்ட்டும் தோள்பையுமாக ஏறி முன் சீட்டில் உட்காருவாள். நான் டிக்கெட்டை நீட்டுவேன்.

"அப்பா, நான் உங்க பொண்ணு."

"பஸ்ல நீ பயணி. பிடி."

சிரித்துக்கொண்டே வாங்கிப் பையில் போட்டுக்கொள்வாள். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

பள்ளிக்கூடம் சத்திரம் பக்கத்தில். இவள் போய்ச் சேர்ந்ததும் பெண்கள் எல்லோரும் அங்கிருந்து ஓட ஆரம்பிப்பார்கள். மலைக்கோட்டைக்கு எதிர்த்திசையில் பாலத்தைத் தாண்டி அம்மா மண்டபம் வரை போய்த் திரும்புவது பயிற்சி. என் இரண்டாவது டிரிப் பாலத்தின் மேல் அவர்களைப் பிடித்துவிடும். டிரைவர் ஹாரன் அடிப்பார், நான் விசில் ஊதுவேன். ஜன்னலோரத்தில் இருப்பவர்களிடம், "அந்தக் கடைசியில ரெட்டை ஜடை போட்டு ஓடுதே, நம்ம பொண்ணுதான்" என்று கேட்காமலே சொல்வேன். பிறகு மாம்பழச்சாலை சிக்னலில் நாங்கள் மாட்டிக்கொள்வோம். அவர்கள் எங்களைத் தாண்டிப் போவார்கள், போகிற போக்கில் பஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு. அவள் ஓடுவதை நான் அதிகம் பார்த்தது முதுகுப் பக்கமாகத்தான். வண்டி நகர்ந்து முகம் தெரிகிற நேரத்தில் யாராவது சில்லறைக்கு நிற்பார்கள், திரும்பிவிடுவேன்.

அந்த வருடம் அவர்கள் தொட்டதெல்லாம் துலங்கியது. வட்டாரப் போட்டியில் முதலிடம். அதற்கு முன் அந்தப் பள்ளிக்கூடம் ஓட்டத்தில் எதுவும் வாங்கியதில்லை, கோப்பையை வைக்க இடமில்லாமல் ஆபீஸ் ரூமில் பீரோ மேல் வைத்தார்கள். அடுத்தது மாவட்டப் போட்டி. அதில் முதலிடம் வருகிற அணி மாநிலப் போட்டிக்குப் போகலாம். மாநிலப் போட்டிக்குப் போன சான்றிதழ் இருந்தால் விளையாட்டுப் பிரிவில் கல்லூரி சீட் கேட்கலாம். நான்கு பேரும் அதைத்தான் நம்பியிருந்தார்கள். என் மகள் மார்க்கை நம்பிப் பிழைக்கிற ரகம் இல்லை. உடற்கல்வி படித்து பி.டி. மிஸ் ஆக வேண்டும் என்று எட்டாம் வகுப்பிலிருந்து ஒரே பிடிவாதம்.

இந்த ஓட்டத்தில் தனியாக ஜெயித்தால் மட்டும் போதாது. ஒரு பள்ளியிலிருந்து நான்கு பேர் ஓடி முடித்தால்தான் அது அணி. நான்கு பேரும் வந்த இடங்களைக் கூட்டுவார்கள், எந்தப் பள்ளிக்குக் குறைவோ அதற்கு முதலிடம். எங்கள் அணியில் ஐந்தாவதாக ஒரு பெண் இருந்தாள். அவளுக்குப் போட்டிக்கு முதல் நாள் கணுக்கால் பிசகிவிட்டது. ஆக, சரியாக நான்கே பேர்.

போட்டி கொள்ளிடக் கரையில். கரைச் சாலையோடு இரண்டு கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். என் மகள் போட்டியில் ஓடுவதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். போய் நின்ற உடனே பி.டி. மிஸ் ஓடி வந்தார்கள்.

"சார், ஒவ்வொரு ஸ்கூல்லேருந்தும் வழியில நிக்க ஒரு ஆள் கேக்குறாங்க. திரும்புற எடத்துல யாரும் இல்ல. நீங்க நிக்கிறீங்களா?"

"எனக்கு என்னங்க தெரியும் இதுல?"

"ஒண்ணும் இல்ல சார். வர்ற பிள்ளைங்க கையில ஆளுக்கு ஒரு ரப்பர் பேண்டு குடுக்கணும். பாதியில திரும்பி ஓடி ஏமாத்திடக் கூடாதுல்ல, அதுக்குத்தான். கடைசியில அத தட்டுல போட்டாத்தான் கணக்குல சேப்பாங்க." பக்கத்தில் நின்ற நடுவரிடம் திரும்பி, "சார் டவுன் பஸ் கண்டக்டர். ஒரு டிக்கெட் விட மாட்டார்" என்றும் சொன்னார்கள்.

பெருமை தாங்கவில்லை எனக்கு. யாரோ பைக்கில் கொண்டுபோய் ஒரு பம்பு ஷெட் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள். மஞ்சள் ரப்பர் பேண்டுகளை இடது கை விரல்களில் மாட்டிக்கொண்டேன். மெஷின் வருவதற்கு முன்னால் டிக்கெட் கட்டுகளைச் சுற்றிய ரப்பர் பேண்டுகளை அப்படித்தான் மாட்டியிருப்போம். சாலையின் நடுவே சுண்ணாம்பில் ஒரு வட்டம். அதைச் சுற்றிக்கொண்டு அவர்கள் திரும்ப வேண்டும். ஒரு பக்கம் கொள்ளிடத்து மணல், ஒரு பக்கம் வாழைத் தோப்பு. நான் மட்டும் நின்றேன்.

முதலில் மூன்று பெண்கள் வந்தார்கள். நீட்டிய கையில் ஆளுக்கு ஒன்று வைத்தேன். அடுத்து எங்கள் பள்ளிப் பெண்ணே ஒருத்தி. அவளுக்கும் வைத்தேன். பிறகு இன்னும் இரண்டு பேர். அதற்குப் பிறகு வளைவில் என் மகள் வந்தாள்.

அவள் ஓடி வருவதை நேர் எதிரே நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. முகம் முழுக்கச் சிவந்து, வாய் லேசாகத் திறந்து, கண் எங்கோ தூரத்தில் இருந்தது. பிறந்த குழந்தையாகக் கையில் வாங்கியபோது பார்த்த அதே முகம்போல எனக்குப் பட்டது. என்னைப் பார்த்ததும் அந்த முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கையை நீட்டினாள். நான் அந்தக் கையை என் இரண்டு கைக்குள்ளும் பிடித்து ஒரு அழுத்து அழுத்தி, "போம்மா, போ, போ" என்று கத்தினேன். அவள் போய்விட்டாள். நாலைந்து அடி போனதும் தலையைக் குனிந்து உள்ளங்கையைப் பார்த்ததுபோல் இருந்தது. வியர்வையைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பின்னாலேயே அடுத்த பெண் கையை நீட்டிக்கொண்டு வந்தாள். அவளுக்கு ரப்பர் பேண்டு கொடுத்தேன். அதற்குப் பிறகு வந்த அத்தனை பேருக்கும், மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தே வந்த கடைசிப் பெண்ணுக்கும் மறக்காமல் கொடுத்தேன்.

பைக் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போகும்போதும் எனக்குத் தெரியாது. விசிலடித்துக்கொண்டுதான் போனேன். போய் இறங்கினால் கூட்டம். நடுவில் என் மகள், வலது கையை விரித்தபடி. அவள் நான்காவதாக வந்திருந்தாள். திரும்பி வருகையில் மூன்று பேரைத் தாண்டியிருக்கிறாள். எங்கள் பெண்கள் நான்கு பேரும் முன்னாலேயே வந்துவிட்டதால் முதலிடம் எங்களுக்குத்தான் என்று பி.டி. மிஸ் அழுதே விட்டார்களாம். அப்புறம்தான் தட்டைப் பார்த்திருக்கிறார்கள்.

"பாதியிலேயே திரும்பிட்டா சார், எங்க பிள்ளை பாத்துச்சு" என்று வேறு பள்ளி ஆசிரியர் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

நடுவர் என்னைப் பார்த்ததும், "நீங்கதானே சார் திருப்பத்துல நின்னீங்க? இந்தப் பொண்ணு அங்க வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சு சார். நான்தான் குடுக்க மறந்துட்டேன்."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. நல்ல மனிதர்தான். பேப்பரில் எழுதப் போனவர் சும்மா கேட்பதுபோல, "உங்களுக்குத் தெரிஞ்ச பொண்ணா?" என்றார்.

ஸ்கூல் பிள்ளை சார் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்கூட இல்லை. அந்த நேரத்தில் என் வாயில் வந்தது வேறு.

"என் பொண்ணு சார்."

பேனாவை மூடிவிட்டார். அந்த ஆசிரியர், "பாத்தீங்களா" என்றார். பி.டி. மிஸ் என்னென்னவோ வாதாடினார்கள். நடுவர் என்னைத் தனியாக அழைத்து, தணிந்த குரலில்தான் கேட்டார்.

"சார், நீங்க கண்டக்டர். செக்கிங் வராங்க. டிக்கெட் இல்லாம ஒரு பொண்ணு நிக்குது. நான்தான் குடுக்க மறந்துட்டேன், இது என் பொண்ணுன்னு நீங்க சொன்னா விட்டுடுவாங்களா?"

"விட மாட்டாங்க சார்" என்றேன்.

அதையும் நானே சொன்னேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்கிற வியாதி எனக்கு. என் மகள் பெயரை அடித்தார்கள். நான்கு பேர் மூன்று பேரானதும் அணியே இல்லாமல் போனது. மற்ற மூன்று பெண்களும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதில் ஒருத்தி, "அப்பா, தண்ணி குடிங்க" என்று பாட்டிலை நீட்டினாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எனக்குச் சோறு போட்டு வைத்தாள். பிறகு, "ஊருக்கெல்லாம் குடுத்தீங்க. சரி, மறந்துட்டீங்க. அந்த நேரத்துல எம் பொண்ணுன்னு சொல்லித்தான் ஆகணுமா?" என்று மட்டும் கேட்டாள். நானும் அன்றிலிருந்து என்னை அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் நம்ம பொண்ணு, நம்ம பொண்ணு என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். வேறெப்படிச் சொல்லும்?

மறுநாள் காலை முதல் டிரிப்பில் மகள் ஏறவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பரீட்சைக்குப் படிக்க வேண்டும் என்றாள்.

விழாவில் பி.டி. மிஸ் ஒவ்வொரு பெண்ணைப் பற்றியும் பேசினார்கள். மழையில் ஓடியது, செருப்புக் கடித்த காலோடு ஓடியது, பாலத்தில் டவுன் பஸ்ஸோடு போட்டி போட்டு ஜெயித்தது எல்லாம் வந்தது. கூடம் சிரித்தது. மாவட்டப் போட்டியைப் பற்றி, "அங்கேயும் நல்லா ஓடினாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நான்கு பேரும் கோப்பையைச் சேர்ந்து தூக்கிப் போட்டோ எடுத்தார்கள். கேசரியும் சமோசாவும் கொடுத்தார்கள். நான் கேசரியை அப்படியே வைத்துவிட்டேன்.

சத்திரத்தில் பஸ் ஏறினோம். என் டிப்போவைச் சேர்ந்த கண்டக்டர்தான் அன்றைக்கு வண்டியில். சால்வையைப் பார்த்து, "என்னண்ணே, மாப்பிள்ளை அழைப்பா" என்று கேலி செய்துவிட்டு, எனக்குத் தலையசைத்துவிட்டு நகரப் பார்த்தார்.

"அண்ணா, டிக்கெட்" என்று கையை நீட்டினாள் மகள்.

"நம்ம பொண்ணுக்கு எதுக்கும்மா?"

"குடுங்கண்ணா."

அவர் கிழித்துக் கொடுத்தார். அவள் அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். பஸ் பாலத்தில் ஏறியது. இத்தனை நாள் கேட்க முடியாததை அப்போதுதான் கேட்டேன்.

"கையில ஒண்ணும் இல்லன்னு உனக்கு எப்பம்மா தெரிஞ்சுது?"

"அப்பவே தெரியும்ப்பா. நாலு அடி ஓடினதுமே பாத்துட்டேன்."

"திரும்பி வந்து வாங்கியிருக்கலாமே. நாலு அடிதானே."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்கதானேப்பா நின்னீங்க. நீங்க சொன்னா போதும்னு நெனச்சேன்."

மாம்பழச்சாலை சிக்னலில் வண்டி நின்றது. நான் சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.