வேறொரு டீபக்கர் ஏற்கெனவே இணைந்திருக்கிறது

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

என் கணவன் சேகரும் நானும் உலு திராம் என்ற ஊரில் வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு மழை நாளில் பொந்தியான் சாலையில் மோட்டார் சைக்கிளில் போனவன் திரும்பவில்லை. கருமாதிகூட முடியவில்லை, அதற்குள் லாயாங் லாயாங் பக்கமுள்ள ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் மேலாளர் போனில் கூப்பிட்டார். அங்கே லாரிகளுக்கு எடை போடும் நிரல் சேகர் எழுதியது. சில லாரிகளுக்கு எடை குறைகிறதாம்.

"உங்க வீட்டுக்காரரு வேணும்னே செஞ்ச மாதிரி இருக்கும்மா. போலீஸ் ரிப்போட் போட்டுருவோம்."

செத்தவனைத் திருடன் என்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவன் திருடவில்லை என்று காட்ட, நிரலை டீபக்கரில் ஓட்டித் தப்பு எங்கே என்று பார்க்க வேண்டும். ஓடுகிற நிரலை வரி வரியாக நிறுத்தி உள்ளே எட்டிப் பார்க்கும் கருவி அது. நாங்கள் நிரல் எழுதும் எடிட்டருக்குள்ளேயே இருக்கும். ஒரு வரியின் ஓரத்தில் சிவப்புப் புள்ளி வைத்தால் ஓட்டம் அங்கே நிற்க வேண்டும். அவன் மடிக்கணினியில் நான் வைத்த புள்ளியெல்லாம் வெளுத்து வெறும் வளையமாகிவிட்டது. எடிட்டரும் டீபக்கரும் ஒட்டவில்லை என்று அர்த்தம். இரண்டையும் இணைக்கும் எக்ஸ்டென்ஷனைக் கழற்றி மாட்டினேன், பழைய வெர்ஷனுக்குப் போனேன், கோப்பு இருக்கும் பாதையை மாற்றி மாற்றி எழுதினேன், எதற்கும் மசியவில்லை. அழக்கூட நேரமில்லாமல் அதோடு மல்லுக்கட்டினேன், அவனைத் திட்டிக்கொண்டே.

கருமாதியன்று மத்தியானம் அவன் தங்கை மாலா இலை போட்டாள். அவனுக்குப் பிடித்த நாசி லெமாக் சோறு, கரிபாப் பலகாரம், பையில் கட்டிய தே தாரிக் டீ. அப்புறம் என் கையிலிருந்த மடிக்கணினியைப் பிடுங்கி இலைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மாலா, அது எனக்கு வேணும்."

"அண்ணன் சோறு இல்லாம இருப்பாரு அண்ணி, இது இல்லாம இருப்பாரா? கொஞ்ச நேரம்தான் லா."

படைத்துவிட்டு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். செத்தவர் வந்து சாப்பிடும்போது யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கார் நிறுத்துமிடத்தில் நின்றோம். அப்போது பார்த்து மேலாளர் மறுபடி கூப்பிட்டார். இன்றைக்கே பதில் வேண்டும், இல்லையென்றால் போலீஸ். நான் கதவைத் திறந்தேன்.

"அண்ணி, போகாதீங்க! அண்ணன் சாப்பிடுறாரு!"

"சாப்பிடட்டும். எனக்கு வேலை இருக்கு."

கதவைச் சாத்திக்கொண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து நிரலை ஓட்டினேன். ஒரு செய்தி வந்தது. வேறொரு டீபக்கர் ஏற்கெனவே இதோடு இணைந்திருக்கிறது. ஒரு நிரலோடு ஒரு நேரத்தில் ஒன்றுதான் இணைய முடியும். வீட்டில் வேறு யாரும் இல்லை, இடி மின்னலுக்குப் பயந்து வைஃபையையும் மாலா அணைத்திருந்தாள். நான் எதையும் தொடவில்லை, ஓட்டம் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டும் மஞ்சள் பட்டை தானாக நகர ஆரம்பித்தது. சுலபமான வரிகளில் விறுவிறுவென்று, சிக்கலான இடத்தில் நின்று நிதானித்து. சேகர் அப்படித்தான் பார்ப்பான். கடைசியில் ஒரு வரியில் நின்றது.

தப்பு அங்கேதான். லாரிகள் அடுத்தடுத்து வந்தால், முன்னால் போன லாரியின், சரக்கில்லாத வெற்று எடையை அழிக்காமல் அதையே அடுத்த லாரிக்கும் கழித்திருக்கிறது. சிலருக்குக் குறைந்திருந்தது, சிலருக்குக் கூடியும் இருந்தது. திருடுகிறவன் இப்படியா திருடுவான்? கவனப்பிழை, அவ்வளவுதான்.

"சேகர்" என்றேன். பட்டை அசையவில்லை. பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், வந்தவன் பிழையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான். "என்னப் பாருடா!" என்று கத்தினேன். சத்தம் கேட்டு மாலா கதவைத் திறந்ததும் இணைப்பு அறுந்துவிட்டது.

மேலாளரிடம் எல்லாவற்றையும் காட்டினேன். "ஓ, அப்படியா. சரி, ரிப்போட் வேணாம்" என்றார். மன்னிப்பு என்ற ஒரு வார்த்தை இல்லை.

இப்போதெல்லாம் வேண்டுமென்றே நிரலில் பிழை வைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறேன். பைத்தியம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அவன் வருவதில்லை.

மாலாவிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு. நான் கத்தியபோது அந்த மஞ்சள் பட்டை ஒரே ஒரு வரி கீழே இறங்கியது. அது எதுவும் எழுதாத வெற்று வரி. வெற்று வரியில் எந்த டீபக்கரும் நிற்காது, தாண்டித்தான் போகும். அது அங்கே நின்றது. என் பக்கம் திரும்பினானா, கிளம்புகிறேன் என்றானா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.