கூரையில் விழுந்த அடி

மணல் காற்று அடித்து ஓய்ந்ததும் மச்சானின் வண்டிக் கூரையில் இருந்த குழியில் ஒரு கை மணல் தங்கிவிடும். மற்ற இடங்களைத் துணியால் ஒரு இழு இழுத்தால் போதும்; அந்தக் குழியில் மட்டும் விரலால் வழித்தெடுக்க வேண்டும். ஷார்ஜா தொழில்பேட்டையில் நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடிக்கும் கராஜ் வைத்திருக்கிறேன். ஊரார் வண்டியையெல்லாம் நிமிர்த்திய எனக்கு, சொந்த அக்காள் புருஷனின் வண்டிக் கூரையில் கை வைக்க வழியில்லாமல் இருந்தது.

மச்சான் அப்போது இங்கே ஒரு கல்லூரியின் கால்பந்து கோச். நல்ல ஆட்டக்காரர், கெட்ட கோச். இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். ஒரு கோல் போட்டுவிட்டால் போதும், அத்தனை பேரையும் இழுத்து வந்து கோல் வாசலில் நிறுத்துவார். கடைசியில் வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். வெளியே நிற்கும் மாணவர்கள், "அட்டாக் பண்ணச் சொல்லுங்க சார்!" என்று கத்தினால், "மூடிக்கிட்டுப் பாருங்கடா!" என்று திரும்பிக் கத்துவார். அவர் மகனும் அந்த அணியில்தான் இருந்தான், பெயருக்கு. "எம்புள்ளன்னு எறக்குனா நாலு பேரு நாறடிச்சிருவான்" என்று பெஞ்சிலேயே உட்கார வைத்திருந்தார். தோற்ற மறுநாள் கேன்டீனில் மற்ற மாணவர்கள் அவனைத்தான் கடித்துக் குதறுவார்கள். ஆட்டமும் கிடையாது, அவமானம் மட்டும் உண்டு. எனக்கென்றால் பைத்தியமே பிடித்திருக்கும்.

அந்த வருஷம் ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை. பக்கத்துக் கல்லூரியோடு ஆடிய ஆட்டத்திலாவது ஜெயிப்போம் என்று நானும் போயிருந்தேன். முதலில் கோல் போட்டோம். உடனே மச்சான் கோல் போட்ட பையனையே வெளியே எடுத்தார். அப்புறம் வரிசையாக இரண்டு கோல் வாங்கினோம்.

நாங்கள் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் எங்கள் கல்லூரி மாணவர் கூட்டமே சூழ்ந்துவிட்டது. தண்ணீர் பாட்டில், செருப்பு, கல். ஒரு கண்ணாடி உடைந்து தொங்கியது. கதவை உதைத்த உதையில் என் தோள் எலும்பு வரை அதிர்ந்தது. அப்போது ஒருவன் கார்னர் கொடி நட்டிருந்த இரும்புக் கம்பியோடு பானெட்டில் ஏறினான். என் மருமகன், மச்சானின் மகன். முகமெல்லாம் வியர்வையும் கண்ணீரும். "வெளிய வாடா!" என்று பெற்ற தகப்பனைப் பார்த்துக் கத்திக்கொண்டு ஓங்கி அடித்தான். கூரை என் தலைக்கு மேலே உள்வாங்கியது. "எடுங்க மச்சான், எடுங்க!" என்று அலறினேன். மகன் இறங்கும் வரை அவர் கியரைத் தொடவில்லை.

மறுநாள் காலை வண்டியோடு என் கராஜுக்கு வந்தார். இங்கே சின்ன நசுங்கலுக்கும் போலீஸ் பேப்பர் வேண்டும்.

"பேப்பர் இல்லாம சுத்தியலத் தொட்டா என் லைசென்ஸ் போயிரும் மச்சான்."

"யாரு அடிச்சான்னு போலீஸ்ல கேப்பானா?"

"கேக்காம இருப்பானா?"

மகன் இருந்தது அவர் விசாவில். கேஸ் ஆனால் விசா கேன்சல், படிப்பும் கலாஸ், அத்தோடு முடிந்தது. மச்சான் வண்டியில் ஏறினார். பின்னால் எடுத்தார். பிறகு வாசலில் கிடந்த கான்கிரீட் கட்டையில் முழு வேகத்தில் கொண்டுபோய் மோதினார். கண்ணாடிச் சில்லுகள் என் காலடி வரை தெறித்தன. கதவைப் பிடுங்கித் திறந்தேன். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம்.

"இப்ப போலீசுக்குப் போனப் போடு. நாந்தான் இடிச்சேன்."

வந்த போலீஸ்காரர் முன்பக்கத்தைச் சரிசெய்ய மட்டும் பேப்பர் எழுதிக் கொடுத்தார். கூரையைக் காட்டி, இது என்ன என்றார். "பழசு" என்றார் மச்சான். அதனால் முன்பக்கம் புதிதானது, கூரை அப்படியே நின்றது.

கல்லூரி அவரை அனுப்பிவிட்டது. வேறு வேலை பார்த்துக்கொண்டு பல வருஷம் அதே வண்டியை ஓட்டினார். பக்கத்து இருக்கையில், தலைக்கு மேலே புடைத்துக்கொண்டிருந்த அந்தக் கூரைக்குக் கீழேதான் மகன் உட்கார்ந்து போவான். அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குத்தான் அவர்களோடு போகும்போதெல்லாம் கண் அந்தப் புடைப்பிலேயே நிற்கும்.

இப்போது மச்சான் ஊரோடு போய்விட்டார். வண்டி மகனுடையது; விசாவும் அவன் வேலையில் சொந்தமாக எடுத்தது. போன மாதம் அதை ஓட்டிக்கொண்டு வந்தவன், என் மேஜையில் போலீஸ் பேப்பரை வைத்தான். "உள்ளதச் சொல்லிட்டேன் மாமா. நாந்தான் அடிச்சேன்னு." நான் உள்ளே படுத்துத் தட்ட, அவன் மேலே இரும்புக் கட்டையை அழுத்திப் பிடித்தான். முடிந்ததும் வீடியோ காலில் அவருக்குக் கூரையைக் காட்டினான்.

"வாப்பா, அன்னிக்கு இத அடிச்சது நாந்தான்."

மச்சான் கோணல் மூக்கைத் தடவிக்கொண்டே பார்த்தார்.

"தெரியும்டா. அந்த வேகத்த ஒரு நாளாவது கிரவுண்டுல காட்டியிருந்தா எறக்கி விட்டிருப்பேனேடா."

போனைக் கையில் பிடித்தபடியே மருமகன் கூரையைத் தடவித் தடவிப் பார்த்தான். குழி இருந்த இடம் அவனுக்குத் தட்டுப்படவில்லை.