எங்கம்மாவுக்குத் தெரியாத மொழி

போன வாரம் காந்திபுரத்தில் ஒரு வங்கியில் படிவம் நிரப்பினேன். தாய்மொழி தெலுங்கு என்று எழுதியிருந்ததைப் பார்த்த கவுன்ட்டர் பெண், "ஊரு ஆந்திராவுங்களா?" என்றாள்.

"பீளமேடுங்க அம்மணி. ஆந்திராவை ரயில்ல போறப்பப் பாத்ததோட சரி."

அவள் நம்பவில்லை. உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எனக்கு வீடு வந்து சேரும்வரை எரிச்சல் அடங்கவில்லை. விரலில் ஒட்டியிருந்த மை வாசனை வேறு, ஹீவாவை இழுத்து வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் பீளமேட்டில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். வெளிநாட்டு மாணவர்களின் பதிவேடு என் பொறுப்பு. ஹீவா ஈரானிலிருந்து வந்தவன். விடுதியில் யாராவது அரபுக்காரன் என்றால் முகம் சிவந்துவிடும். மெஸ்ஸில் கற்ற தமிழில், "அரபு இல்லீங்க, பாரசீகனும் இல்லீங்க. நான் குர்துங்க" என்பான். ஈரானிலேயே தனி மொழி பேசுகிற இனமாம்.

ஒருநாள் நான் பெரிய புத்திசாலி மாதிரி, "அப்ப நீ ஈரான்காரனே இல்லைன்னு சொல்லு" என்றேன். அதற்கும் கோபம்.

"ஏனுங்க, ஈரானும் என்னுதுதானுங்க. நீங்க ஊட்ல தெலுங்கு பேசுனா கோயமுத்தூரு உங்குளுது இல்லீங்களா?"

அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

படிப்பு முடிந்து சான்றிதழ் வாங்க வந்தபோது, தாய்மொழிக் கட்டத்தில் குர்திஷ் என்று எழுதச் சொன்னான். தலைமை எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார். "சேர்றப்பப் பாரசீகம்னு இருக்குதுங்க தம்பி. இப்ப மாத்திப்போட்டா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

சேரும்போது அதை எழுதியவன் ஹீவா இல்லை, நான். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஈரான் என்றால் பாரசீகம். என் ஞானம் அவ்வளவுதான். தவறு என்னுடையது என்று சொல்லியிருந்தால் ஒரு கோடு அடித்துத் திருத்தியிருப்பார். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்த நேரம். வாயே திறக்காமல் பாரசீகம் என்றே எழுதிக் கொடுத்தேன்.

ஹீவா அந்த வரியை வெகுநேரம் பார்த்தான். "எங்கம்மாவுக்குப் பாரசீகம் தெரியாதுங்க" என்றான். கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். போட்டுவிட்டுப் போய்விட்டான்.

ஈரான் பிள்ளைகள் அந்தக் கல்லூரிக்கு வருவது நின்று பல வருடங்கள் ஆகின்றன. ஓய்வுபெற்ற பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அந்த வரியைத் திருத்தலாம் என்று போனேன். எங்கள் அலுவலகம் இருந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். புதுக் கட்டடத்தில் கணினி முன் இருந்தவர், "அந்தக் காலத்துப் பதிவேடுங்களா? எடைக்குப் போட்டாச்சுங்களே" என்றார்.

எங்கோ ஹீவாவிடம் இருக்கிற ஒரே தாளில், என் கையெழுத்தில், அது இன்னும் பாரசீகம்தான்.