பார்க்காமல் ஊட்டும் கை

2006இல் புதுச்சேரியில் நடந்த ஒரு கூட்டுக் கண்காட்சியில்தான் என் ஓவியங்கள் முதன்முதலாகச் சுவரேறின. எல்லாம் ஆணும் பெண்ணும். கட்டித் தழுவிய உடல்கள், ஒன்றுக்குள் ஒன்று கரைந்த முகங்கள். அப்போது நான் சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. நெருக்கம் என்பதைப் புத்தகங்களிலும் சினிமாவிலும் பார்த்ததுதான்.

கடலூரிலிருந்து அக்காவும் மாமாவும் வந்திருந்தார்கள். அக்கா ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள்.

"இவுங்கள்லாம் யாருடி? இப்பத்தான் பஸ் ஸ்டாண்டுல பாத்துக்கிட்ட மாதிரி இருக்காங்க."

கோபம் வந்தது. பஸ்ஸில் சிதம்பரம் திரும்பும்போது அது போய், அவள் சொன்னது மட்டும் மிஞ்சியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போய், உங்கள் இருவரையும் வரைய வேண்டும் என்றேன். மாமா சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். தேய்த்த சட்டையோடு வந்தார். அக்கா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் நடுவில் இன்னொருவர் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு சோபாவில் விறைத்து உட்கார்ந்தார்கள்.

"மாமா, எப்பவும் போல இருங்க."

"எப்பவும் போலத்தான இருக்கேன்" என்றார் உதடு அசையாமல்.

ஒன்றும் தேறவில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் போனேன். என்னை மறந்துவிடும் அளவுக்கு அவர்கள் வீட்டில் கிடந்தேன்.

மார்கழி வந்தது. குளிர் ஜாஸ்தியானால் மாமாவுக்கு விரல் நுனியெல்லாம் வெடித்துவிடும். ரசம் பட்டால் எரியும். ஒரு மதியம் அக்கா சோற்றைப் பிசைந்து அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கண் டிவி சீரியலில், வாயில் கரண்ட் பில் கட்டாததற்கான திட்டு. அவர் முகத்தை அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கை நேராக அவர் வாய்க்குப் போனது. அவரும் கேட்காமலே வாயைத் திறந்தார். சமையலறை வாசலில் உட்கார்ந்து அதை வரைந்தேன். நான் வரைந்ததில் முதல் உண்மையான படம் அது என்று இன்றும் நினைக்கிறேன்.

காட்டியபோது அக்காவுக்கு வெட்கம். "இதப் போயி யாராச்சும் வரைவாங்களா?"

மாமா ரொம்ப நேரம் பார்த்தார். "நான் இவ்ளோ பெருசாவா வாயத் தொறக்கறேன்?"

அவர்கள் சம்மதத்தோடுதான் அது அடுத்த மார்கழியில் சென்னைக் கண்காட்சிக்குப் போனது. ஒரு பத்திரிகையில் படமும் வந்தது. கம்பெனியில் அதைப் பார்த்துவிட்டார்கள். மாமாவோடு ஒரே ஷிப்டில் இருந்த ஃபிட்டர் ஒருவர், "என்னா மச்சான், வீட்ல இன்னும் ஊட்டி வுடறாங்களாமே?" என்று கேண்டீனில் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். மாமா அன்றிலிருந்து ஸ்பூனில் சாப்பிட ஆரம்பித்தார். அக்கா போனில் சொன்னபோது, படத்தை அனுப்பியிருக்கவே கூடாது என்று நினைத்தேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த அக்கா, ஸ்பூனைப் பிடுங்கி சிங்க்கில் போட்டுவிட்டு, "அவனுக்கு ஊட்ட ஆள் இல்லன்னு வயித்தெரிச்சல். வாயத் தொறங்க" என்றாளாம். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்குப் பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கிண்டல் செய்த அதே ஃபிட்டர் ஒரு ஞாயிறு மனைவியோடு அக்கா வீட்டுக்கு வந்து நின்றார்.

"எங்களையும் வரைவீங்களா?" என்று கேட்டவர், என்னைப் பார்க்காமல் மாமாவைப் பார்த்தார்.

மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "வரைவா, வரைவா. நீங்க போட்டோவுக்கு உக்கார்ற மாதிரி உக்காரக் கூடாது. வீட்ல என்னா சண்டையோ அத இங்க போடுங்க" என்று எனக்கு முன்னால் அவரே சொல்லிக்கொடுத்தார். பிறகு வந்த ஜோடிகளை எல்லாம் அழைத்து வந்ததும் அவர்தான்.

2012இல் சிதம்பரத்தில் ஒரு சின்ன ஹாலை வாடகைக்கு எடுத்து அந்தப் படங்களை மாட்டினேன். காலையிலேயே கரண்ட் போய்விட்டது. ஜன்னல்களைத் திறந்து வைத்தோம். வரையப்பட்டவர்களே பார்க்க வந்திருந்தார்கள்.

ஃபிட்டரும் மனைவியும் தங்கள் படத்தின் முன் நின்றார்கள். பேச்சுவாக்கில் அவர் மணிக்கட்டைத் தன் பக்கம் திருப்பி அந்த அம்மா மணி பார்ப்பதைத்தான் வரைந்திருந்தேன்.

"நீ இப்பிடித்தான் மணி பாக்கறியா?" என்றார் அவர்.

"எங்கிட்ட வாட்ச் ஏது?"

"கேட்டா வாங்கித் தந்திருப்பேன்ல?"

"அதான் கேக்கல" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா அடுத்த படத்துக்கு நகர்ந்துவிட்டார். ஃபிட்டர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

அந்தப் படத்தை நான் விற்கவில்லை. அவர்களுக்கே கொடுத்துவிட்டேன். ஃப்ரிட்ஜுக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள், ஆணி சரியில்லை, கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று மாமா சொன்னார்.