ஐம்பத்துமூன்று வயது இறக்கையில் சிக்கியவள்

ஹேங்கரில் அவளுக்கு எலி என்று பெயர். அப்படிக் கூப்பிட்டால் கோபமெல்லாம் வராது. விமானப்படையின் அந்தப் பழைய சரக்கு விமானத்துக்கு இறக்கைதான் எரிபொருள் டேங்க். அதைக் காலிசெய்து காற்றோட்டம் விட்டபின் உள்ளே ஊர்ந்து போய், கசிகிற இடத்தில் பழைய பசையைச் சுரண்டிவிட்டுப் புதுப்பசை பூசுவது அவள் வேலை. இறக்கையின் மேல்பக்கம் இருக்கும் வாசல் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். மற்றவர்கள் தலையை மட்டும் விட்டுப் பார்த்து, தங்களுக்குப் பிள்ளைகுட்டி இருப்பது ஞாபகம் வந்து திரும்பிவிடுவார்கள். அவளோ பத்தொன்பது வருஷமாக உள்ளே போய், முகமூடிக்குள்ளேயே பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருக்கிறாள்.

விமானத்துக்கு வயது ஐம்பத்துமூன்று, அவளுக்கு நாற்பத்தொன்று. அதைச் செய்த தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது மெத்தை விற்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் கசிவு நிற்காவிட்டால் அதை நாற்சந்தியில் தூண் கட்டி அதன்மேல் காட்சிக்கு நிறுத்திவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. பறந்த பிள்ளையைக் காக்கைக்குக் கழிப்பறையாக்குவதா என்று எலிக்கு வயிறு எரிந்தது. செவ்வாய்க்கிழமை காலையே இறங்கிவிட்டாள்.

இறங்கும்போதே கொஞ்சம் இடித்தது. காரணம் ஊரறிந்தது. கேன்டீன் சமையல்காரர் அவள் புருஷன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, மனுஷன் ஆசையை எல்லாம் கரண்டியில்தான் காட்டுவார்.

மூன்று மணி நேரத்தில் கசிந்த ரிவெட் ஆணிகளுக்கும் வாசலின் உள்விளிம்புக்கும் பசை பூசி முடித்தாள். வெளியே வந்தாள், அதாவது பாதி வந்தாள். தலை, கை, மார்பு வெளியே. வயிற்றோடு நின்றுவிட்டது. முகமூடியைக் கழற்றி வீசினாள்.

சூப்பர்வைசர் இழுத்தார். இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். அசையவில்லை.

"இறக்கையை வெட்டிடலாமா?" என்றான் ஒருவன்.

"வெட்டினா நேரா தூணுக்குத்தான் போகும். கிட்ட வந்தே, கடிச்சிடுவேன்!" என்றாள் எலி.

அதற்குள் விஷயம் கேன்டீனுக்குப் போய், புருஷன் ஏப்ரனோடு ஏணியில் மூச்சிரைக்க ஏறிவந்தார். கையில் சமையல் எண்ணெய்.

"என்னங்க, அதைக் கீழ வைங்க! எண்ணெய் பட்டா பசை ஒட்டாது. பூசினதெல்லாம் பாழாயிடும்!"

சூப்பர்வைசருக்கு எரிச்சல் தலைக்கேறியது. "எல்லாம் உம்மாலதான்யா. இப்ப என்ன பண்றது, சொல்லும்!"

புருஷன் தீவிரமாக யோசித்தார். "மூணு நாள் பட்டினி போட்டா தானா வெளிய வந்துடுவா, சார்." பிறகு கண் கலங்க, "ஆனா நான் உயிரோட இருக்கிறவரைக்கும் அது நடக்காது," என்றார்.

எலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பில்லை. இறக்கையே குலுங்கியது. சூப்பர்வைசரும் சிரித்தார், ஏணி பிடித்தவனும் சிரித்தான். மனுஷன் மட்டும் ஒன்றும் புரியாமல் விழித்தார். அதைப் பார்த்து அவள் இன்னும் சிரித்து, மூச்சு முழுக்கத் தீர்ந்து, சத்தமே வராமல் வாயை மட்டும் திறந்தபடி கிடந்தாள். வயிறு ஒட்டிப்போயிருந்தது.

"இப்ப இழுங்கய்யா!" என்று கத்தினார் சூப்பர்வைசர்.

வழுக்கிக்கொண்டு வெளியே வந்து புருஷன்மேல் விழுந்தாள்.

வெள்ளிக்கிழமை டேங்கை நிரப்பினார்கள். வெள்ளைக் காகிதத்தால் இறக்கையின் அடிப்பக்கம் முழுக்கத் துடைத்துப் பார்த்தாள். ஒரு சொட்டு ஈரமில்லை. மத்தியானம் அந்தக் கிழட்டு விமானம் இருமி, புகைந்து, ஓடுபாதையில் ஓடி எழும்பியது. எலி ஹேங்கர் வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். அவள் அழுதுகொண்டிருந்தாள், அதை யாரிடமும் மறைக்கவுமில்லை.

சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து, "இன்னும் அஞ்சு வருஷம் பறக்க அனுமதி கொடுத்துட்டாங்க. அதுவரைக்கும் யாரும் டேங்குக்குள்ள இறங்க வேண்டியதில்ல," என்றார்.

கேன்டீனில் புருஷன் குற்ற உணர்ச்சியோடு அவள் தட்டில் அரைக் கரண்டி சோறு வைத்தார். எலி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அஞ்சு வருஷம் இருக்குங்க. தாராளமா போடுங்க."