நாலு பெட்டி இழுத்த எஞ்சின்

1. அன்று சத்தம் வரவில்லை

கும்பளங்கிப் பைலிச்சேட்டனின் புல்லட் கொச்சங்காடிக்குள் நுழைந்துவிட்டது என்பதை எங்கள் வொர்க்‌ஷாப்பில் முதலில் அறிபவை பூனைகள்தான். அவர் அந்த வண்டியில் இறால் பெட்டி கட்டி ஓட்டுபவர். ஐஸ் உருகி வழிந்த இறால் தண்ணீர் செயின் கவர், சைலன்சர், ஃபுட்ரெஸ்ட் என்று எல்லாவற்றிலும் ஊறிப்போயிருக்கும். தெருமுனையில் எஞ்சின் சத்தம் கேட்டதும் கிடங்குச் சுவர்களில் படுத்திருக்கும் பூனைகள் இறங்கி வந்து எங்கள் வாசலில் உட்காரும்.

அன்று சத்தம் கேட்கவில்லை. பூனைகள் மட்டும் எழுந்து நின்றன. சற்று நேரத்தில் பைலிச்சேட்டன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இக்கா, கீழேருந்து டக் டக்னு ஒரு அடி. அப்புறம் இழுக்கல. நின்னுபோச்சு."

வொர்க்‌ஷாப் ஹம்ஸா இக்காவினுடையது. அவர் பீடியை அணைக்காமலே சொன்னார்: "நின்னுபோச்சா? ஓடிப்போகலையேன்னு சந்தோஷப்படு. மூணு பெட்டியை ஒத்த வண்டியில கட்டுறவன் கிட்ட எந்த எஞ்சின்டா குடித்தனம் பண்ணும்?"

நான் அங்கே எஞ்சின் ஃபிட்டர். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மட்டாஞ்சேரி மிளகுக் கிடங்கில் மூட்டை தைத்தவர். நான் அதிகம் பேசமாட்டேன். அதனால் இக்கா எனக்கு வைத்த பெயர் மிண்டாப்பூச்சை, அதாவது வாய் திறக்காத பூனை. "வெளியில பத்து, உள்ளே ஒண்ணு," என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். எனக்கு அதில் கோபம் இருந்ததில்லை.

எஞ்சினைப் பிரித்தேன். நான் நினைத்த இடம்தான். கனெக்டிங் ராடின் கீழ் முனையை நாங்கள் பிக் எண்ட் என்போம். அந்த வண்டியில் அங்கே பேரிங் கிடையாது. புஷ் என்கிற ஒரு உலோக வளையம் மட்டும் எண்ணெயில் மிதந்து சுற்றும். ஒருவரோ இருவரோ ஏறிப்போகிற வண்டிக்கு அது போதும். பைலிச்சேட்டன் ஏற்றிய பாரத்தில் புஷ் தேய்ந்து, ஆயில் முழுக்க உலோகப் பொடி மின்னியது.

2. நாலாவது பெட்டி

மறுநாள் பைலிச்சேட்டனைத் தேடிக்கொண்டு கெட்டு முதலாளி எங்கள் வொர்க்‌ஷாப்புக்கே வந்தார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கும்பளங்கிப் பக்கம் நெல் அறுத்த வயல்களுக்கு வரம்பு கட்டி, காயல் தண்ணீரை மதகு வழியாக உள்ளே விட்டு இறால் வளர்ப்பார்கள். அதுதான் கெட்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் வற்றி இறங்கும் நாட்களில் மதகில் வலை கட்டிப் பிடிப்பார்கள். அந்த நாட்களுக்குத் தக்கம் என்று பெயர். தக்கம் முடிந்தால் அடுத்த தக்கம் வரை கையில் ஒன்றும் இருக்காது. பிடித்த இறாலைக் காலையில் ஐஸ் போட்டு எங்கள் பக்கத்தில் தோல் உரிக்கும் ஷெட்டுக்குக் கொண்டுவருவதுதான் பைலிச்சேட்டனின் வேலை. தாமதமானால் இறாலின் தலை கறுக்கும். தலை கறுத்த இறாலை ஷெட்டில் ஒதுக்கித் தள்ளிவிடுவார்கள்.

முதலாளி கெட்டவர் இல்லை. வெள்ளை முண்டில் கிரீஸ் படாமல் ஒதுங்கி நின்று மெதுவாகத்தான் பேசினார்.

"பைலி, எனக்கு உன் மேல ஒரு விரோதமும் இல்ல. இந்த வருஷம் இன்னொரு கெட்டும் எடுத்திருக்கேன். இனி நாலு பெட்டி. ஒரே ஓட்டம். உரிக்கிற பெண்ணுங்க பலகையில உட்காரும்போது சரக்கு அங்க இருக்கணும். முடியும்னா முடியும்னு சொல்லு. இல்லேன்னா டெம்போக்காரன் வந்து கேட்டுட்டுப் போயிருக்கான்."

"முடியும்," என்றார் பைலிச்சேட்டன்.

வண்டி அப்போது நாலு தட்டுகளில் பிரிந்து கிடந்தது. முதலாளி அதைப் பார்த்தார், பைலிச்சேட்டனைப் பார்த்தார், முண்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் போனதும் பைலிச்சேட்டன் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "மோனே, வள்ளத்தை வித்துத்தான் இதை வாங்கினேன். இது இல்லேன்னா நான் திரும்பத் தண்ணியில இறங்கணும். இறங்க வள்ளமும் இல்ல."

3. வலுவும் உறுதியும்

எஞ்சினில் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, உடையாமல் இருக்க வேண்டும். இன்னொன்று, நாலு பெட்டியோடு கும்பளங்கியிலிருந்து வரும் வழியில் உள்ள பாலத்து ஏற்றத்தில் ஏற வேண்டும். மூன்று பெட்டிக்கே அந்த ஏற்றத்தில் இரண்டாம் கியரில் வண்டி முனகும்.

உடையாமல் இருக்கிற வேலை எனக்குப் பிடித்தமானது. எர்ணாகுளத்து லேத்தில் கொடுத்து, பிக் எண்ட் புஷ்ஷுக்குப் பதில் ரோலர் பேரிங் வைத்து கிராங்கைச் சேர்த்து வாங்கினோம். ஆயில் பம்பில் எண்ணெயைக் கூடுதலாகத் தள்ளும் பெரிய பிளஞ்சர் போட்டேன். கிளட்ச்சில் ஒரு பிளேட் கூட்டினோம். இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நான் இக்காவிடம் சொன்னேன். நானாக வாய் திறந்தது அவருக்கு ஆச்சரியம்.

"பூச்சை மிண்டிடுச்சே! சரி, நிறுத்திட்டா ஏத்தத்துல யாரு ஏறுவா? நீ பின்னாலேருந்து தள்ளுறியா?"

அவர் சொன்னது நியாயம். பேரிங் மாற்றினால் எஞ்சின் தாங்கும், ஆனால் இழுக்காது. இழுக்க வேண்டுமானால் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் காற்றை நெருக்கும் அழுத்தத்தை, ஏற்ற வேண்டும். தலை உயர்ந்த பிஸ்டன் போட்டோம். சிலிண்டர் பேரலின் அடியைக் கொஞ்சம் சீவினோம். பெட்ரோல் காற்று உள்ளே போகும் போர்ட்டை அகலப்படுத்தி வழவழவென்று தேய்த்தேன். கார்புரேட்டர் ஒரு சைஸ் பெரிதாக வந்தது. முதல் கிக்கில் லீவர் திருப்பி உதைத்ததில் இக்காவின் முழங்கால் வீங்கிப்போனது. நொண்டிக்கொண்டே சிரித்தார். "இது பைலிக்கு ஏத்த சாதனம்தான். அவன் கட்டினவளும் இப்படித்தான் உதைப்பா."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். காயலோரத்து வீடுகளில் வள்ளத்து எஞ்சினுக்காக மண்ணெண்ணெய் எப்போதும் இருக்கும். அந்தப் பக்கத்து மோட்டார் சைக்கிள்கள் எல்லாமே கொஞ்சம் மண்ணெண்ணெய் குடித்து வளர்ந்தவைதான். பைலிச்சேட்டனின் வண்டியும் அப்படித்தான் ஓடியது. கம்பெனியில் வந்த எஞ்சின் கம்ப்ரஷன் குறைந்தது. புகை விட்டுக்கொண்டு எதையும் பொறுத்துக்கொள்ளும். கம்ப்ரஷன் ஏற்றிய எஞ்சின் பொறுக்காது. மண்ணெண்ணெய் கலந்தால் சிலிண்டருக்குள் நேரம் தவறி வெடிக்கும். அந்த அடி நேராகப் பிஸ்டன் தலையில் விழும்.

இக்கா பைலிச்சேட்டனை நிற்க வைத்துச் சொன்னார். "இனி நல்ல பெட்ரோல் மட்டும். ஒரு சொட்டு மண்ணெண்ணெய் கூடாது. சத்தியம் பண்ணு."

"மாதாவாணே, மாதா மேல சத்தியம்."

"அது எனக்கு வேண்டாம். எஞ்சினைத் தொட்டுப் பண்ணு."

பைலிச்சேட்டன் பெட்ரோல் டேங்க் மேல் கை வைத்தார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

4. நல்ல தக்கங்கள்

முதல் தக்கத்தில் நானும் கூடப் போனேன். பெட்டி இருக்கும்போது உட்கார இடம் இல்லை. அதனால் சைக்கிளில் முன்னே போய்ப் பாலத்தின் உச்சியில் நின்றேன். இரண்டு பெட்டி பக்கவாட்டில், இரண்டு பின்னால், அதன் மேல் ஈரச் சாக்கு. ஏற்றத்தின் அடியில் அவர் கியர் மாற்றுவார் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மாற்றவில்லை. மூன்றாம் கியரிலேயே, அடித்தொண்டையில் பாடுகிற மாதிரி ஒரே சத்தத்தில் ஏறி வந்தது. என்னைக் கடக்கும்போது பைலிச்சேட்டன், "கண்டோடா, பார்த்தியாடா!" என்று கத்தினார். சாக்குத் தண்ணீர் என் முகத்தில் தெறித்தது.

என் வேலையில் நான் முழுச் சந்தோஷமாக இருந்த காலை அது. சொல்லப்போனால் அது ஒன்றுதான்.

அதன்பின் சில தக்கங்கள் அப்படியே போயின. உரிக்கும் பெண்கள் பலகையில் உட்காரும்போது பெட்டிகள் ஷெட்டில் இருந்தன. டெம்போக்காரன் வேறு இடம் பார்க்கப் போய்விட்டதாகப் பேச்சு வந்தது.

5. பெட்ரோல் இல்லாத வாரம்

பிறகு டேங்கர் லாரிகள் ஓடாத ஒரு வாரம் வந்தது. பெட்ரோல் பங்க்குகளின் வாசலில் கயிறு கட்டிவிட்டார்கள். தோப்பும்படியிலும் இல்லை, எர்ணாகுளத்திலும் இல்லை. இக்கா வொர்க்‌ஷாப்பில் பாகங்கள் கழுவ வைத்திருந்த பெட்ரோலை வடிகட்டி ஒரு டின்னில் பைலிச்சேட்டனுக்குக் கொடுத்தார். அது தக்கத்தின் முதல் நாளுக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டாம் நாள் மதகில் நல்ல பிடி. நாலு பெட்டியும் நிறைந்து ஐஸும் போட்டாகிவிட்டது. டேங்கில் அடிமட்டம்தான் இருந்தது. பைலிச்சேட்டன் ஊரில் கேட்டுப் பார்த்தார். யாரிடமும் பெட்ரோல் இல்லை. எல்லா வீட்டிலும் மண்ணெண்ணெய் இருந்தது.

அவர் பின்னால் எங்களிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தெரியாம ஊத்தல இக்கா. தெரிஞ்சுதான் ஊத்தினேன். ஊத்தலேன்னா அன்னிக்கே வேலை போச்சு. ஊத்தினா ஒருவேளை போகாது. அவ்வளவுதான் கணக்கு."

சமதளத்தில் வண்டி ஓடியது. பாலத்து ஏற்றத்தில் தகர டப்பாவில் கல் போட்டுக் குலுக்குவது மாதிரி எஞ்சின் தட்டத் தொடங்கியது. ஆக்ஸிலரேட்டரைக் குறைத்தால் பாரம் பின்னால் இழுக்கும். நிறுத்தினால் ஐஸ் உருகும். அவர் முறுக்கிப் பிடித்தார். உச்சிக்குச் சற்று முன்னால் ஒரு பெரிய அடி. பிறகு சத்தமே இல்லை. தெரியாத யாரோ இருவர் தள்ளி உச்சியில் ஏற்றிவிட்டார்கள். மறுபக்கம் நியூட்ரலில் இறங்கி, ஒரு கைவண்டிக்காரரைப் பிடித்துப் பெட்டிகளை மாற்றி, இவரும் சேர்ந்து இழுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனபோது வெயில் ஏறிவிட்டது. பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியைத் திறந்த ஷெட் மேஸ்திரி ஒரு இறாலை எடுத்து, கறுத்த தலையைப் பைலிச்சேட்டன் பக்கம் திருப்பிக் காட்டினார்.

6. ஹெட்டைக் கழற்றியபோது

பிஸ்டன் தலையின் நடுவில் கட்டைவிரல் போகிற ஓட்டை. ஓரங்கள் மெழுகு உருகியது மாதிரி வழிந்திருந்தன. நான் வைத்த ரோலர் பேரிங்கைக் கழுவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

இக்கா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பிஸ்டனை வாங்கிப் பார்த்துவிட்டு, "பைலி, சாயா குடிச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

"பழைய மாதிரியே ஆக்கிக் கொடு இக்கா. புகை விட்டாலும் பரவால்ல."

ஆக்கிக் கொடுத்தோம். அது கஷ்டமான வேலை இல்லை. சாதாரண பிஸ்டன் போட்டு, பேரலுக்கு அடியில் ஒரு அலுமினியத் தகடு கொடுத்துக் கம்ப்ரஷனை இறக்கினேன். நல்ல பேரிங், நல்ல ஆயில் பம்ப். மண்ணெண்ணெய் கலந்தாலும் பொறுத்துக்கொள்ளும். மூன்று பெட்டி வரை சாகும்வரை இழுக்கும். ஆனால் வண்டி பிரிந்து கிடந்த நாட்களிலேயே கெட்டு முதலாளி டெம்போவை அமர்த்திவிட்டார். பைலிச்சேட்டன் போய்க் கேட்டாராம். "நான் என்ன பண்ண பைலி? இறால் காத்துக்கிட்டு நிக்குமா?" என்றாராம் அவர்.

பைலிச்சேட்டன் அதே டெம்போவில் பெட்டி ஏற்றி இறக்கப் போனார். கொஞ்ச காலம் வண்டியை வைத்துப் பார்த்தார். பிறகு விற்கச் சொன்னார்.

வாங்க வந்தவன் எர்ணாகுளத்துக் கல்லூரிப் பையன். கூலிங் கிளாஸ் போட்டிருந்தான். பைலிச்சேட்டன்தான் ஸ்டார்ட் செய்து காட்டினார். வேட்டியை மடித்துக் கட்டி, ஒரே கிக். சீராக அடித்தது. ரோலர் பேரிங், ஆயில் பம்ப் என்று உள்ளே போட்டதை எல்லாம் இக்கா அவனுக்கு எண்ணிச் சொன்னார்.

"எத்தனை கிலோமீட்டர் ஸ்பீடு போகும் சேட்டா?"

"அறியில்ல மோனே. வேகமா ஓட்டிப் பார்த்ததில்ல."

"பின்னே இவ்வளவு வேலை எஞ்சின்ல எதுக்குச் செஞ்சீங்க?"

பைலிச்சேட்டன் சாவியை அவன் கையில் கொடுத்தார். "சும்மா," என்றார்.

இப்போது நான் சொந்தமாக ஒரு சின்ன ஷெட் வைத்திருக்கிறேன். எஞ்சினில் பவர் ஏற்ற வேண்டும் என்று அடிக்கடி யாராவது வருகிறார்கள். இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பிஸ்டன், கார்புரேட்டர் பற்றியெல்லாம் பிறகு பேசுங்கள். ஒரு எஞ்சினுக்கு வலுவைக் கூட்டும்போது அதன் பொறுமையைக் குறைக்கிறோம் என்பதை முதலில் வந்தவரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு, இந்த வண்டி ஒருநாள் வழியில் நின்றால் உங்களுக்கு வேறு வழி இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்பவருக்கு நான் தைரியமாக வேலையைத் தொடங்குகிறேன். இல்லை என்பவருக்கு என்ன சொல்லி அனுப்புவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.